லங்காவியில் படகு எடுக்கும் குடும்பங்களே, முன்பணம் அனுப்பும் முன் படியுங்கள்

பள்ளி விடுமுறைக்கு லங்காவியில் பாய்மரப் படகு எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நாங்கள் 4,800 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தோம். அதுகூட ஒருநாள் ஆறிவிடும். என் ஆறு வயது மகளை அந்தப் படகில் ஏற்றியிருப்பேனே என்ற நினைப்புதான் இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

அப்பாவுக்கு இந்த ஆண்டு எழுபது வயது. பினாங்கு ஃபெர்ரியில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர். பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே எத்தனை ஆயிரம் முறை போய் வந்திருப்பாரோ, கணக்கே கிடையாது. 2020 கடைசியில் பழைய இரட்டைத் தள ஃபெர்ரிகளுக்கு ஓய்வு கொடுத்தபோது அன்று முழுவதும் வீட்டில் யாருடனும் பேசவில்லை. "ஊரையெல்லாம் ஏற்றி இறக்கினேன், ஒரு ராத்திரி படகில் படுத்துத் தூங்கியதில்லை" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நானும் தம்பியும் இந்த ஏற்பாட்டில் இறங்கினோம். பெரியவர்கள் ஆறு பேர், பிள்ளைகள் மூன்று பேர். தைப்பூசம் முடிந்ததும் மூன்று நாள் பயணம்.

முகநூல் விளம்பரத்தில் கிடைத்த முகவர் நல்ல தமிழில் பேசினார். அனுப்பிய படங்களில் இரட்டை உடல் கொண்ட பெரிய கட்டமரான் ஒன்று வெள்ளை வெளேரென்று நின்றது. "கட்டுமரம் என்று நம் முன்னோர் சொன்னதுதான் அக்கா இன்று உலகம் முழுக்கக் கட்டமரான். நம் ஆளுக்கு நாம் செய்யாமல் யார் செய்வது?" என்றார். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. மொத்தம் 9,600 ரிங்கிட். பாதியை அன்றிரவே அனுப்பினேன். கணக்கு ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "நிறுவனக் கணக்கில் போட்டால் வரி சேரும், உங்களுக்குத்தான் செலவு" என்றார். என் அறிவு அங்கேயே விழித்திருக்க வேண்டும்.

பிறகு ஒரு மாதம் வீடே திருவிழாவாக இருந்தது. படகில் சக்கரப் பெட்டி வைக்க இடம் இருக்காது என்று மடித்து வைக்கும் துணிப்பைகள் வாங்கினோம். வாந்தி மாத்திரை, இஞ்சி மிட்டாய், தளத்தில் கறை படியாத வெள்ளை அடிப்பாகக் காலணி, தண்ணீர் புகாத பை. அம்மா மூன்று நாளைக்குத் தாங்கும் புளிச்சாதத்துக்குப் புளிக்காய்ச்சல் செய்து புட்டியில் அடைத்தார். பிள்ளைகள் தாயாங் புந்திங் தீவின் ஏரியை வரைபடத்தில் தேடிப் பிடித்து வட்டம் போட்டார்கள்.

கோலக் கெடாவிலிருந்து ஃபெர்ரி ஏறி லங்காவியின் குவா நகருக்குப் போய்ச் சேர்ந்தோம். படகுத் துறையில் எங்களுக்காக நின்றது கட்டமரான் அல்ல. ஒற்றை உடல் கொண்ட, வண்ணம் உரிந்த பழைய படகு. "அது பழுதுபார்க்கப் போயிருக்கிறது, இதுவும் அதே வசதிதான்" என்று முகவர் தொலைபேசியில் சொன்னார். பிள்ளைகள் முகம் வாடிவிடக் கூடாதே என்று அதையும் பொறுத்துக்கொண்டோம்.

அப்பா மட்டும் நேராகப் போய் உயிர்காப்பு அங்கிகளைக் கேட்டார். இருக்கையின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ஈர நாற்றம் அடித்தது. ஒன்றில் பட்டை நைந்து நூல் நூலாகத் தொங்கியது. அப்பா ஒன்றை என் மகளுக்கு மாட்டி, எல்லாக் கொக்கிகளையும் பூட்டி, வாரை இழுத்து இறுக்கினார். பிறகு அங்கியின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து மெல்ல மேலே தூக்கினார். அங்கி மட்டும் மேலே வந்தது. அவள் தாடையைத் தாண்டி, காதைத் தாண்டி, கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. உள்ளிருந்து "தாத்தா, ஒன்றும் தெரியவில்லை" என்று குரல் வந்தது. அப்பா அதைக் கழற்றி உட்புறம் ஒட்டியிருந்த மங்கிய சீட்டை எனக்குக் காட்டினார்: 43 கிலோவுக்கு மேற்பட்டவர்களுக்கு. என் மகள் 18 கிலோ. கால்களுக்கு இடையே மாட்டும் வாரும் இல்லை. தண்ணீரில் விழுந்தால் அங்கி மிதக்கும், பிள்ளை நழுவிக் கீழே போய்விடும். ஒன்பது அங்கிகளில் ஒன்றுகூடச் சிறுவர் அளவு இல்லை. ஆபத்தில் கொளுத்திக் காட்டும் சுடர்களின் டப்பாவைத் திறந்து பார்த்தால், அவை காலாவதியாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அப்பா படகோட்டியான தெக்கோங்கிடம் மலாயில் உரிமத்தைக் கேட்டார். அந்த இளைஞர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தயங்கித் தயங்கி ஒரு நகலை எடுத்து வந்து, "பக்சிக் (மாமா), எனக்கு நாள் கூலிதான்" என்றார். பயணிகள் எண்ணிக்கை ஆறு என்று அதில் இருந்தது. நாங்கள் ஒன்பது பேர் என்பது முகவருக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். மறுபடி அழைத்தேன். "சின்னப் பிள்ளைகளை ஆளாகக் கணக்கெடுக்க மாட்டார்கள் அக்கா" என்றார். அடுத்த மூச்சிலேயே, படகு சேதத்துக்கு 2,000 ரிங்கிட் வைப்புத்தொகையை இப்போதே ரொக்கமாகக் கொடுத்தால்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள் என்றார். அதுவரை இப்படி ஒரு தொகையைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை.

நாங்கள் ஏறவில்லை. குவாவில் ஒரு விடுதியில் ஓர் இரவு தங்கி, புளிச்சாதத்தை அறையிலேயே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். மறுநாள் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) ஒரே வரி வந்தது: "வாடிக்கையாளரே ரத்து செய்ததால் பணம் திரும்பத் தரப்படாது." அதன் பிறகு என் எண்ணை முடக்கிவிட்டார்.

பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கட்டணம் 5 ரிங்கிட்தான்; 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நாமே நடத்தலாம். மூன்று ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். புலன உரையாடல், வங்கிச் சீட்டு, அங்கியின் சீட்டைப் பிடித்த படம் எல்லாவற்றையும் அச்சடித்து வைத்திருக்கிறேன். உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.

இனிமேல் எடுப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. சுற்றுலா அமைச்சின் உரிம எண்ணையும் நிறுவனப் பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்கே போகட்டும். ஏறப்போகும் படகின் பெயரையும், கடல்துறை இலாகா அந்தப் படகுக்குக் கொடுத்த உரிமத்தின் படத்தையும் வாங்கி, பயணிகள் எண்ணிக்கையைப் பாருங்கள். பிள்ளைகளையும் தலைக்கு ஒன்றாக எண்ணுங்கள். பிள்ளைகளின் எடையை எழுதி அனுப்பி, அந்த அளவு அங்கி இருக்கிறதென்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வைப்புத்தொகை எவ்வளவு, படகு மாறினால் பணம் திரும்புமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். முடிந்தால் சொந்தமாகச் சிறுவர் அங்கி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் இப்போது மூன்று வாங்கிவிட்டோம். அப்பாதான் கடையில் ஒவ்வொன்றையும் மாட்டி, தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்.

சென்ற வாரம் அந்த விளம்பரம் வேறொரு பெயரில் மறுபடி வந்திருக்கிறது. அதே வெள்ளைக் கட்டமரான் படம்தான். கீழே "குடும்பமாக ஒன்பது பேர் வரை" என்ற வரியும் அப்படியே இருக்கிறது.