சின்ன ட்ரைவரா, பெட்டி ட்ரைவரா? ஸ்டெப்பர் மக்கர் பண்ணும்போது எது கை குடுக்கும்

வீட்டுல சின்னதா சீஎன்சீ ரவுட்டர், அதான் கம்ப்யூட்டர் சொல்றபடி பலகை வெட்டுற மெஷின், கட்டுற எல்லாரும் ஒரு கட்டத்துல இந்த கேள்விக்கு வந்துதான் ஆகணும். ஆர்டுயினோங்கற கன்ட்ரோல் போர்டு மேல ஷீல்டுங்கற இன்னொரு போர்ட குத்தி அதுல ஏ4988, டிஆர்வி8825ன்னு, ஸ்டெப்பர் மோட்டருக்கு கரண்ட் குடுத்து ஸ்டெப் ஸ்டெப்பா சுத்தவைக்கிற நகம் அளவு ட்ரைவர சொருகுறதா, இல்ல ஒவ்வொரு மோட்டருக்கும் டிஎம்542 மாதிரி தனிப்பெட்டி போடுறதா? நான் ரெண்டையும் ஓட்டிட்டு இப்ப எக்ஸ், வை அச்சு ரெண்டுக்கும் பெட்டிக்கு மாறிட்டேன், அதனால அந்தப்பக்கம் சாய்ஞ்சுதான் பேசுவேன்.

விலையில பேச்சே இல்ல, ஒரு பெட்டி வாங்குற காசுக்கு சின்னது கை நிறைய வாங்கலாம். பவர்னு பாத்தா ஹீட்சிங்க் இல்லாம ஏ4988 சுமார் 1 ஆம்பியர் தாங்கும், டிஆர்வி8825 சுமார் 1.5, டிஎம்542 உச்சத்துல 4.2. நீமா 17 சைஸ் மோட்டருக்கு சின்னது போதும், அதவிட பெரிய நீமா 23 போட்டா சின்னத பத்தி யோசிக்கவே வேணாம். டிபி6600ங்கற இன்னொரு பெட்டி விலையில நடுவுல நிக்குது, ஓடும், ஆனா வேகம் கூட்டுனா டிஎம்542 அளவுக்கு அமைதியா ஓடுறதில்ல, எனக்கு அவ்வளவா பிடிக்கல.

எனக்கு விஷயம் வேற. மோட்டர் ஒழுங்கா ஓடாட்டி பிழை எங்கன்னு எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், அதுதான். கொழும்புல இருக்கவன் சந்தேகம் வந்ததையெல்லாம் புறக்கோட்டைக்கு போய் புதுசா வாங்கி மாத்தி பாத்துக்குவான். ஹட்டன்லயும் பொகவந்தலாவையிலயும் இருந்துக்கிட்டு அப்படி செய்ய ஏலாது, கூரியர் வர்ற வரைக்கும் மெஷின் சும்மா கெடக்கும், வந்த சாமான போட்டதுக்கு அப்புறம் பிழை அதுல இல்லன்னு தெரிஞ்சா வயிறு எரியும்.

சின்ன ட்ரைவர்ல வேற வேற வியாதிக்கும் அறிகுறி ஒண்ணுதான். கரண்ட் கம்மியா வச்சிருந்தாலும் ஸ்டெப் தவறும், கூட வச்சிருந்தா சிப் கொதிச்சு தானா நின்னு திரும்ப ஓடும், அப்பவும் ஸ்டெப் தவறும். கடைக்கு பெயர்ப்பலகை வெட்டுறீங்கன்னு வைங்க, ரெண்டுலயும் கடைசியில ‘ட்’ மேல இருக்க வேண்டிய புள்ளி பக்கத்து எழுத்து தலையில போய் உக்காந்திருக்கும். பலகைய பாத்து எது காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது.

சரி கரண்ட அளப்போம்னா அதுவும் ஒரு கூத்து. பவர் போட்டபடியே மீட்டரோட ஒரு முனைய கடுகு சைஸ் ஸ்க்ரூ மேலயும் மத்தத கிரவுண்ட்லயும் வச்சு வோல்ட் பாக்கணும், முனை வழுக்கி பக்கத்து காலுல பட்டா சிப் காலி. எத்தனை வோல்ட் வைக்கணுங்கறது போர்டுக்கு போர்டு மாறும். ஏ4988 சிப் பக்கத்துல ரெண்டு கறுப்பு ரெசிஸ்டர் இருக்கும், ஃபோன் கேமராவுல பெருசாக்கி பாருங்க. ஆர்100னு இருந்தா 1 ஆம்பியருக்கு 0.8 வோல்ட், ஆர்050னு இருந்தா அதே 1 ஆம்பியருக்கு 0.4 வோல்ட்தான். இத பாக்காம யாரோ சொன்ன 0.8அ ஆர்050 போர்டுல வச்சா டபுள் கரண்ட் கேக்கும். மைக்ரோஸ்டெப், அதான் ஒரு ஸ்டெப்ப எத்தனையா பிரிக்கிறதுங்கற செட்டிங், மாத்தவும் ட்ரைவர கழட்டி அடியில ஜம்பர் மாத்தணும், திருப்பி குத்தும்போது தலைமாறினா அதோட முடிஞ்சுது.

பெட்டியில இந்த தலைவலி கெடையாது. பக்கத்துல சுவிச் வரிசை இருக்கு, முதல் மூணு கரண்டுக்கு, நாலாவது மோட்டர் நிக்கும்போது பாதி கரண்டா முழுசாங்கறதுக்கு, மிச்சம் மைக்ரோஸ்டெப்புக்கு. எந்த சுவிச் எப்படின்னு மூடியிலேயே அட்டவணை அச்சடிச்சிருக்கும், மீட்டரே வேணாம். பச்சை லைட் எரிஞ்சா பவர் இருக்கு, சிவப்பு வந்தா ட்ரைவர் தானே புகார் சொல்லுது. சிவப்பு இல்லாம மோட்டர் மட்டும் அடம்பிடிச்சா நான் நேரா வயர், கப்ளர் (மோட்டர் தண்ட மெஷின நகத்துற ஸ்க்ரூவோட இணைக்கிற துண்டு), செட்டிங் பக்கம் போயிருவேன். அந்த நாலாவது சுவிச்சும் லேசுப்பட்டதில்ல, ஆர்டுயினோவுல ஓடுற ஜிஆர்பிஎல் மென்பொருள்ல $1=255 போட்டு மோட்டர எப்பவும் பிடிச்சே வச்சிருந்தா ஏ4988 முழு கரண்டையும் குடுத்துக்கிட்டே இருக்கும், சுவிச்ச பாதியில வச்சா பெட்டி தானா பாதிக்கு எறங்கிரும்.

எந்த ட்ரைவரா இருந்தாலும் மொத செய்யுற டெஸ்ட் ஒண்ணுதான். பவர ஆஃப் பண்ணிட்டு எக்ஸ் மோட்டர் வயரையும் வை மோட்டர் வயரையும் மாத்தி குத்துங்க. கோளாறு மத்த மோட்டருக்கு தாவினா ட்ரைவர் பக்கம், அதே மோட்டரோட நின்னா மோட்டர் இல்லாட்டி வயர். ஒரு வயர் விட்டுப்போனா மோட்டர் சுத்தாது, நுவரெலியா டிசம்பர் குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம நிக்கிறவன் மாதிரி நின்ன எடத்துலயே நடுங்கும். பவர் இருக்கும்போது மட்டும் மோட்டர் வயர கழட்டாதீங்க, சின்னதும் சாகும் பெருசும் சாகும்.

ட்ரைவரே காரணமில்லாத கேஸும் நிறைய. கொட்டகலையில இருந்து சொந்தக்கார பையன் ஒருத்தன் கோல் எடுத்து “அண்ணே, வை ட்ரைவர் போயிருச்சு, புதுசு ஓடர் பண்ணவா”ன்னான். “இருடா தம்பி, மொதல்ல மோட்டர் தண்டுலயும் கப்ளர்லயும் சேர்த்து டிப்பெக்ஸால ஒரு கோடு போட்டுட்டு ஓட்டிப் பாரு”ன்னேன். கொஞ்ச நேரத்துல கோடு ரெண்டா பிரிஞ்சிருச்சு, கப்ளர் ஸ்க்ரூ லூஸ். நம்ம பக்கம் மழைக்காலத்துல லீட்ஸ்க்ரூ, அதான் மெஷின நகத்துற அந்த நீள ஸ்க்ரூ, துரு பிடிச்சு இறுகுறதும் இப்படித்தான், பழி என்னமோ ட்ரைவர் மேல.

சின்னதுக்கு ஆதரவா ஒண்ணு சொல்லணும், சத்தம். லயத்துல ஒத்த சுவருக்கு அந்தப்பக்கம் புள்ள தூங்குதுன்னா அதே ஷீல்டுல டிஎம்சி2209 குத்துங்க, மோட்டர் சத்தமே கேக்காது. ரவுட்டர் சத்தத்துக்கு ஒண்ணும் செய்ய ஏலாது, ஆனா லேசருக்கும் பேனா ப்ளாட்டருக்கும் அதுதான் சரி.

என்கோடர் (தண்டு எவ்வளவு சுத்துச்சுன்னு பாக்குற சென்சர்) வச்ச க்ளோஸ்ட் லூப் மோட்டர் இன்னொரு வழி, தவறின ஸ்டெப்ப ட்ரைவரே பாத்து திருத்தும், முடியாட்டி அலாரம் அடிச்சு நிக்கும். கூட்டாளி மெஷின்ல ஓடுறத பாத்திருக்கேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா நம்ம மழையிலயும் பனியிலயும் வருஷக்கணக்கா ஓட்டின அனுபவம் எனக்கில்ல, அதனால வாங்குங்கன்னும் சொல்ல மாட்டேன் வேணாம்னும் சொல்ல மாட்டேன்.

ஏற்கனவே ஷீல்ட் வச்சிருக்கவங்க அத தூக்கிப் போட தேவையில்ல. ஷீல்டுல இருக்க ஸ்டெப், டைரக்ஷன் பின்ல இருந்து வயர் எடுத்து பெட்டிக்கு குடுக்கலாம், என்னோட இஸட் அச்சு (மேல கீழ போறது) இன்னும் அந்த ஷீல்டுல டிஆர்வி8825லதான் ஓடுது, ஸ்பேர் லாச்சியில கெடக்கு. ஒண்ணு மட்டும், பெட்டிக்குன்னு 36 வோல்ட் சப்ளை வாங்கினீங்கன்னா அதையே ஷீல்டுல இருக்க ஏ4988க்கு குடுத்துறாதீங்க, அதோட எல்லை 35 வோல்ட்.