உறுப்பெல்லை வரைய சி.டி.யா, எம்.ஆர்.ஐ.யா?

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சைக்குத் திட்டமிடும்போது கட்டியை மட்டும் வரைந்தால் போதாது. அதைச் சூழ்ந்த தண்டுவடம், மூளைத்தண்டு, பார்வை நரம்புகள், உமிழ்நீர்ச் சுரப்பிகள் ஆகியவற்றின் எல்லைகளையும் படத்தின் அடுக்குதோறும் வரைந்தாக வேண்டும். எந்த உறுப்பு எத்தனை கிரே (உறிஞ்சப்படும் கதிர்வீச்சின் அலகு) பெறுகிறது என்ற கணக்கு அந்தக் கோடுகளை நம்பியே நடக்கிறது.

கணக்கின் அடித்தளம் சி.டி.தான். அதன் ஒவ்வொரு புள்ளியும் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் ஹவுன்ஸ்பீல்டு எண்களிலிருந்து, கதிர்வீச்சுக் கணக்குக்குத் தேவையான திசுக்களின் எலக்ட்ரான் அடர்த்தி கிடைக்கிறது, எம்.ஆர்.ஐ. இதை நேரடியாகத் தருவதில்லை. சிகிச்சையின்போது படுக்கும் அதே நிலையில், தலையை அசையாமல் பிடிக்கும் அதே முகக்கவசத்துடன் எடுப்பதால் சி.டி.யில் இடப்பிழையும் குறைவு. நுரையீரல், எலும்பு, விழிக்கோளம் ஆகியவற்றுக்கு வேறு படம் தேவையில்லை. காதருகே உள்ள பரோட்டிட் என்ற உமிழ்நீர்ச் சுரப்பியும் பெரும்பாலும் நன்றாகவே தெரியும். பல்லில் உலோகம் இருந்தால் மட்டும் கீற்றுகள் படிந்து அதன் எல்லை மறையக்கூடும்.

மண்டையோட்டுக்குள் நிலைமை வேறு. பார்வை நரம்புகள் குறுக்கிடும் கயாஸ்மா சில மில்லிமீட்டர் தடிமனே உள்ளது, சி.டி.யில் சுற்றியுள்ள அமைப்புகளை வைத்தே அதன் இடத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. 54 கிரே அளவில் வரம்பு வைக்கப்படும் அந்த உறுப்புக்கு ஊகம் போதாது என்பதே என் உறுதியான கருத்து. நினைவாற்றலுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் எல்லையோ சி.டி.யில் கிட்டத்தட்டத் தெரிவதே இல்லை. முழு மூளைக்கும் 10 தவணைகளில் 30 கிரே கொடுத்தபடியே ஹிப்போகாம்பஸைக் காக்க முயன்று, 2014-இல் முடிவுகளை வெளியிட்ட ஆர்.டி.ஓ.ஜி. 0933 என்ற மருத்துவ ஆய்வு, மெல்லிய அடுக்குகளில் எடுத்த எம்.ஆர்.ஐ.யைச் சி.டி.யுடன் இணைத்தே அந்த உறுப்பை வரைந்தது. மண்டையோடு இறுகிய கூடு என்பதால் இரண்டு படங்களும் அங்கே நன்றாகப் பொருந்துகின்றன.

கழுத்துக்கு வந்தால் அந்த நம்பிக்கை தளர்கிறது. நோயறிதலுக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் நோயாளி வளைந்த படுக்கையில், முகக்கவசம் இல்லாமல், தாடையைச் சற்றே தாழ்த்திப் படுத்திருப்பார். அதைத் திட்டமிடும் சி.டி.யின்மேல் பொருத்தும்போது மிகத் தெளிவான கோடு தவறான இடத்தில் விழும். மங்கலான எல்லையைக் கண்டால் வரைபவர் எச்சரிக்கையாக இருப்பார். தெளிவான எல்லை அவரை ஏமாற்றிவிடும் என்பதால் இந்தப் பிழையே எனக்கு அதிகக் கவலை தருகிறது. சிகிச்சை நிலையிலேயே, தட்டையான படுக்கையில், முகக்கவசத்துடன் எம்.ஆர்.ஐ. எடுக்க வழியில்லாத இடங்களில், கழுத்து உறுப்புகளைச் சி.டி.யில் வரைவதே பாதுகாப்பானது, எம்.ஆர்.ஐ.யைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், மேலே பொருத்தக் கூடாது.

தானியங்கி மென்பொருள்கள் இன்று இந்த உறுப்புகளைச் சில நிமிடங்களில் வரைந்துவிடுகின்றன. மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2023-இல், நிபுணர் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, அவற்றில் சிலவற்றைப் பயன்படுத்தலாம் என்றது. ஆனால் சி.டி.யை மட்டும் பார்த்துக் கயாஸ்மாவை வரையும் மென்பொருள், படத்தில் இல்லாத எல்லையைத் தான் பயின்ற வடிவங்களிலிருந்தே நிரப்புகிறது; கட்டி அழுத்தி இடம்பெயர்த்த கயாஸ்மாவுக்கு அந்த வடிவங்கள் பொருந்துவதில்லை. ஆகவே அந்தக் கோட்டைச் சரிபார்ப்பவருக்கும் எம்.ஆர்.ஐ. கையில் இருக்க வேண்டும்.