பின் டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கட்டிய பட்டறை: பழைய பிக்கப் வைத்திருப்பவரின் மதிப்பீடு

என் பிக்கப் சுமை ஏற்றுவதற்கென்றே வாங்கிய பழைய வண்டி. எஞ்சினும் கியர்பாக்ஸும் உறுதியாக இருக்கும்போது, பின் அச்சு கெட்டுவிட்டது என்பதற்காக அதைக் கழித்துக்கட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஊளை, காலை எடுத்தால் உறுமல், ரிவர்ஸ் போட்டால் 'டங்' என்று ஓர் அடி. முதலில் காட்டிய இடத்தில் டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும், அச்சின் நடுவிலுள்ள கியர்த் தொகுப்பு) மூடியைக்கூடக் கழற்றவில்லை. "முழு அச்சையும் மாற்றிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்பவர்களிடம் வண்டியை விடுவதில்லை என்பது என் கொள்கை. இந்த மதிப்பீடு அடுத்து நான் போன பட்டறையைப் பற்றியது.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் என்னுடன் வண்டியில் ஏறி உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டார். திருப்பத்தில் மட்டும் சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் சிறு ஸ்பைடர் கியர்களையோ சக்கர பேரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். நேர்ப்பாதையில், மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறினால், எஞ்சின் விசையை உள்ளே கொண்டுவரும் சிறு கியரான பினியன் பக்கம் பார்க்க வேண்டும் என்றார். பிறகு ஜாக்கி வைத்து, பின் அச்சுக்கு விசை கொண்டுவரும் தண்டின் மூட்டான யுனிவர்சல் ஜாயின்ட்டைக் கையால் அசைத்துப் பார்த்து, அதில் ஆட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அதில் தேய்மானம் இருந்தாலும் ரிவர்ஸில் இதே அடி கேட்கும். இந்தச் சிறு சோதனையைத் தவிர்த்துவிட்டு டிஃபரன்ஷியலைப் பிரிப்பவர்கள் நிறையப் பேர்.

மூடியைத் திறந்ததும் வழிந்த எண்ணெயில் வெள்ளிப்பொடி மினுங்கியது. இரும்புத் துகளைப் பிடிக்க உள்ளே இருக்கும் காந்தத்தில் ஒட்டியிருந்ததை வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார்: சாம்பல் நிறக் குழம்புக்கு நடுவே அரிசிக் குருணை அளவில் இரும்புச் சில்லு. குழம்பு வழக்கமான தேய்மானம், சில்லுதான் நோய். பினியன் பேரிங்கின் உருளைகள் குழி விழுந்திருந்தன. பேரிங் தளர்ந்ததால் பினியன் இடம் மாறி, அதனோடு இணைந்து சுழலும் பெரிய வளையக் கியரான கிரவுனின் பற்களின் ஓரம் உடைந்திருந்தது. காரணத்தையும் தேடிப் பிடித்தார். அச்சின் மேலுள்ள காற்றுக் குழாய் மண்ணால் அடைத்திருந்தது. அது அடைபட்டால், சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, எண்ணெய் தன்னைத் தடுத்து நிற்கும் சீல் வளையத்தின் வழியே வெளியேறும். எண்ணெய் குறைந்தால் பேரிங் சாகும். குழாயை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால் மறுபடியும் ஒழுகியிருக்கும்.

பேரிங்கை மட்டும் மாற்றிப் பழைய பற்களோடு ஓட்ட அவர் ஒப்பவில்லை. கிரவுனும் பினியனும் ஜோடியாகத் தேய்த்துப் பொருத்தப்பட்டு வருபவை. ஒன்றை மட்டும் மாற்ற முடியாது. என் வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 10, அதாவது விகிதம் 4.10. வாங்கிய ஜோடியின் பற்களை எண்ணிப் பார்த்த பிறகே கையில் எடுத்தார். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் இது இன்னும் முக்கியம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விகிதம் வேறுபட்டால் இயக்க அமைப்பே முறுக்கிக்கொள்ளும்.

இந்தப் பட்டறைக்கு நான் முழு மதிப்பெண் தருவது பொருத்திய விதத்துக்காக. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும் என்பதை ஷிம் எனும் மெல்லிய தகடுகள் தீர்மானிக்கின்றன. கையால் செருகி எடுக்கும்படி உள்வட்டத்தைத் தேய்த்து வைத்திருந்த ஒரு பேரிங்கைச் சோதனைக்குப் பயன்படுத்தினார். புதிய பேரிங்கைத் திரும்பத் திரும்ப அழுத்திக் கழற்றிக் கெடுக்கவில்லை. பற்களில் மஞ்சள் பசை தடவிச் சுற்றியபோது, பற்கள் ஒன்றையொன்று தொட்ட தடம் பல்லின் உச்சியோரம் விழுந்தது. பினியன் இன்னும் உள்ளே போக வேண்டும் என்று தடித்த ஷிம் போட்டார். தடம் பல்லின் நடுவுக்கு வந்தது. "தடத்தைக் காட்டாமல் மூடியைப் போடமாட்டேன், தம்பி" என்று விளக்கைப் பிடித்துக் காட்டினார்.

பற்களுக்கு இடையிலான ஆட்டத்தை டயல் கேஜ் வைத்துக் கிரவுனின் பல இடங்களில் அளந்தார். பெரும்பாலான பிக்கப்களில் இது 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருக்கும். என் வண்டியில் 0.20-ஐ ஒட்டி நின்றது. பினியன் நட்டை இறுக்கும்போது நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உள்ளே இருக்கிறது. அளவைத் தாண்டி நசுக்கிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய வழியில்லை, புதிய ஸ்லீவ்தான். அதனால் கொஞ்சம் இறுக்குவது, பினியனைச் சுற்ற எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று அளப்பது, மறுபடி கொஞ்சம் இறுக்குவது என்று பொறுமையாகப் போனார். நட்டும் புதிது, சீலும் புதிது. அச்சுக் குழாய்களுக்குள் தங்கியிருந்த இரும்புத் துகள்களையும் கழுவி எடுத்தார். அவை மிஞ்சினால் புதிய பேரிங்குகளைத்தான் தின்னும்.

குறை என்றால், இந்த அளவுகளை எழுதிக் கொடுக்கும் வழக்கம் அங்கே இல்லை. நான் கேட்டுக் குறித்துக்கொண்டேன். சொன்ன நாளில் வண்டியும் கைக்கு வரவில்லை.

முதல் ஓட்டத்தை நிதானமாக ஓட்டி, அச்சை நன்றாக ஆறவிடச் சொன்னார். 800 கிலோமீட்டர் வரை கனத்த சுமை கூடாது, அதன் பிறகு கியர் ஆயிலை மாற்ற வேண்டும் என்றார். ஜிஎல்-5 தரத்தில், வண்டிக் கையேடு சொல்லும் தடிமனில் ஊற்றினோம். அந்த முதல் எண்ணெய் மாற்றத்தில் காந்தத்தில் மெல்லிய சாம்பல் படலம் மட்டுமே இருந்தது, சில்லு எதுவும் இல்லை. இப்போது முழுச் சுமையிலும் ஊளை இல்லை.

அச்சுக் கூடு வளைந்திருந்தாலோ பேரிங் உட்காரும் இடமே தேய்ந்திருந்தாலோ பழைய சந்தையில் முழு அச்சு தேடுவதே சரி. அப்போதும் விகிதம், அகலம், ஸ்பிரிங் உட்காரும் இடம், பிரேக் வகை எல்லாம் பொருந்துகிறதா என்று பார்த்து, எண்ணெயை வடித்துக் காந்தத்தைச் சோதித்த பிறகே வாங்குங்கள். கூடு நன்றாக இருந்தால், டயல் கேஜும் மஞ்சள் பசையும் வைத்திருக்கும் இப்படி ஒரு பட்டறையிடம் கொடுங்கள்.