நினைவு நாணயங்களை எப்படி அடுக்குவது: பணமுறைக் காலமா, ஆண்டா, முகமதிப்பா?

கையில் இருக்கும் நினைவு நாணயங்களை இணையப் பட்டியலில் ஏற்றும்போது நாட்டின் பெயரைப் போடுவதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அதற்குக் கீழே எதை வைப்பது என்பதில்தான் சண்டை. பணமுறைக் காலம் வாரியாக, அதாவது ஒரே பணக் கணக்கு முறை நீடித்த காலம் வாரியாகப் பிரிக்கலாம். வெறும் ஆண்டு வரிசையில் போகலாம். முகமதிப்பு, அதாவது நாணயத்துக்கு அரசு வைத்த மதிப்பு வாரியாக அடுக்கலாம். தலைவர்கள், விளையாட்டு, உணவு என்று பொருள் வாரியாகவும் பிரிக்கலாம். பணமுறைக் காலம்தான் முறையான வழி என்று பலர் அடித்துச் சொல்கிறார்கள். சில நாடுகளுக்கு அது கட்டாயம் வேண்டும், சில நாடுகளுக்கு அது வெறும் தொந்தரவு என்பது என் கட்சி.

கட்டாயம் வேண்டிய நாடு என்றால் போலந்து. 1995 ஜனவரி 1 அன்று அங்கே 10,000 பழைய ஸ்லோட்டி 1 புதிய ஸ்லோட்டி ஆனது. முகமதிப்பு வாரியாக அடுக்கிப் பாருங்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த 2,00,000 ஸ்லோட்டி வெள்ளி நாணயம் பட்டியலின் அடியில் போய் நிற்கும். அதற்குச் சரிசமமான புதிய 20 ஸ்லோட்டி மேலே எங்கோ இருக்கும். அதன் பக்கத்திலேயே எழுபதுகளில் வந்த பழைய 20 ஸ்லோட்டியும் உட்கார்ந்திருக்கும், பத்தாயிரத்தில் ஒரு பங்கு மதிப்போடு. இங்கே முதலில் காலத்தைப் பிரித்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

ஜெர்மனியும் அப்படித்தான். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் தொடங்கிய 10 மார்க் வெள்ளி நாணயங்கள் 2001-உடன் முடிந்து, 2002 முதல் 10 யூரோ வந்தது. இரண்டும் 32.5 மில்லிமீட்டர், நாணயத்தைப் பொதியும் ஹோல்டரில்கூட வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு யூரோ என்பது 1.95583 மார்க். காலப் பிரிவு இல்லாவிட்டால் ஒரே ‘10’ என்ற தலைப்பில் இரண்டும் கலந்துவிடும்.

பிரிட்டனுக்கு வந்தால் கதை மாறுகிறது. 1971 பிப்ரவரி 15 அன்று அங்கே தசமப் பணமுறை வந்தது. அந்தத் தேதியில் கோடு கிழிப்பதுதான் வழக்கம். ஆனால் அன்று பவுண்டின் மதிப்பு மாறவில்லை. 240 பென்னிகளாக இருந்த பவுண்டை 100 ஆகப் பிரித்தார்கள், அவ்வளவுதான். கிரவுன் எனப்படும் பெரிய நாணயத்தில் இதைப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1965-இல் சர்ச்சில் நினைவாக வந்த கிரவுன் 5 ஷில்லிங். 1972-இல் அரசியின் வெள்ளி மணவிழாவுக்கு வந்த கிரவுன் 25 பென்ஸ். ஷில்லிங் என்பது பவுண்டில் இருபதில் ஒரு பங்கு; ஆகவே 5 ஷில்லிங் என்பதும் 25 பென்ஸ் என்பதும் ஒன்றேதான். இரண்டுமே குப்ரோ நிக்கல் (செம்பும் நிக்கலும் கலந்த உலோகம்), 38.61 மில்லிமீட்டர், 28.28 கிராம். இரண்டிலும் முகமதிப்பே பொறிக்கப்படவில்லை! தராசில் வைத்தாலும் உருப்பெருக்கியில் பார்த்தாலும் பணமுறை மாறியதற்கான தடயம் கிடையாது. இவற்றை இரண்டு வேறு பிரிவுகளில் போட்டால் ஒரே தொடரை நடுவில் வெட்டியதாகத்தான் ஆகும்.

உண்மையான முறிவு அப்புறம்தான் வருகிறது. 1981-இல் சார்லஸ், டயானா திருமணத்துக்கு வந்தது 25 பென்ஸ் கிரவுன். 1990-இல் அரசியின் தாயாரது 90-ஆவது பிறந்தநாளுக்கு அதே அளவில் வந்த நாணயம் 5 பவுண்டு. ஒரே அளவு, ஆனால் மதிப்பு இருபது மடங்கு. பணமுறைக் காலம் வாரியாக அடுக்கியவருக்கு இந்த மாற்றம் கண்ணிலேயே படாது. ஏனென்றால் 1981-உம் 1990-உம் ஒரே தசமக் காலப் பெட்டியில் கிடக்கும்.

சரி, ஆண்டு வரிசை போதாதா? கிரவுனுக்குப் போதும். ஆனால் 1968-இலேயே தசம 5, 10 பென்ஸும், 1969-இல் 50 பென்ஸும் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 1971-க்கு முந்தைய ஆண்டு என்றாலே ஷில்லிங் காலம் என்று பட்டியல் தானாக முடிவு செய்தால், அந்த 50 பென்ஸ் தப்பான இடத்தில் போய் விழும். அதன் குடும்பத்தைச் சேர்ந்த முதல் நினைவு நாணயமோ, 1973-இல் ஐரோப்பிய சமூகத்தில் பிரிட்டன் சேர்ந்ததற்காக ஒன்பது கைகள் வட்டமாகக் கோத்து நிற்க வெளியானது, வேறு பிரிவில் இருக்கும்.

இனி இந்தியா. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1964 ஜூன் 1 முதல் ‘நயா’வும் கழன்றது. சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள், நேரு உருவம் கொண்ட 50 பைசாவும் 1 ரூபாயும், அதே 1964 முத்திரையோடு வந்தவை. ஆக, நம் நினைவு நாணயங்கள் அத்தனையும் ஒரே பணமுறைக் காலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அணா காலம், நயா பைசா காலம் என்று பிரிவுகளைத் திறந்து வைத்தால் அவை காலியாகவே கிடக்கும்.

இந்திய நாணயங்களுக்கு முகமதிப்பும் அதற்குள் உலோகமும் பார்ப்பதே நல்லது. 1995 தஞ்சாவூர் உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த திருவள்ளுவர் 5 ரூபாயையும், 2010-இல் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டுக்கு வந்த 5 ரூபாயையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். விட்டம் இரண்டுக்கும் 23 மில்லிமீட்டர். முதலாவது 9 கிராம் குப்ரோ நிக்கல், கனமாக வெள்ளைப் பளபளப்போடு இருக்கும். மற்றது 6 கிராம் நிக்கல் பித்தளை, மஞ்சள் நிறம். சேகரிப்பவருக்கு இந்தக் கோடுதான் முக்கியம். அடுத்து, புழக்கத்துக்கு விட்டதா, சேகரிப்புக்கு மட்டுமா என்று பிரிக்க வேண்டும். 2024-இல் வந்த கலைஞர் 100 ரூபாய் நாணயத்தை யாரும் கடையில் நீட்டப் போவதில்லை. அதை 5 ரூபாய்களோடு கலந்து வைப்பதில் பொருளில்லை.

பொருள் வாரி அடுக்கு ஆல்பத்தில் பார்க்க அழகாக இருக்கும். வள்ளுவர், காமராஜர், தமிழில் கையெழுத்தோடு வந்த அண்ணா என்று ஒரு பக்கம் தயார் செய்துவிடலாம். தேடுவதற்கு அது உதவாது. பட்டியலில் அதைக் குறிச்சொல்லாக வைத்தால் போதும்.

இலங்கைக்குத் தேவைப்படும் கோடு வேறு. 1957-இல் புத்த ஜயந்திக்கு வந்த 1, 5 ரூபாய் நாணயங்கள் சிலோன் காலத்தவை. 1972-இல் நாட்டின் பெயர் மாறியது, ரூபாய் மாறவில்லை. அங்கே வெளியிட்ட அரசின் பெயரால் பிரிக்கலாம், பணமுறையால் அல்ல.

இணையப் பட்டியலில் ஒரு வசதி உண்டு. பணமுறைக் காலத்தை அலமாரித் தட்டாக வைக்காமல் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு தகவல் கட்டமாக வைக்கலாம். போலந்துக்கும் ஜெர்மனிக்கும் அதையே முதல் வரிசையாக்குங்கள். பிரிட்டனுக்கு வடிகட்டியாக மட்டும் விடுங்கள். இந்தியாவுக்கு அந்தக் கட்டத்துக்குப் பதிலாக ‘இப்போது செல்லுமா’ என்ற கட்டம் போடலாம். 25 பைசாவும் அதற்குக் கீழும் 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போய்விட்டன. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுக்கு வந்த நாணயங்களில் 10, 25 பைசா இரண்டும் அதில் அடிபட்டன, கூடவே வந்த 2 ரூபாய் தப்பியது.