ஜோட்டேரோவும் மார்க்டவுனும் வைத்து ஒரு தமிழ் ஆய்வேடு: நான்கு ஆண்டு அனுபவம்

2021இல் என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை நெறியாளரிடம் கொடுத்து மூன்று நாள் ஆகியிருக்கும். தொலைபேசியில் அழைத்தார். "112ஆம் பக்கம்னு போட்டிருக்கீங்களே, அது எந்தப் பதிப்பு? என்கிட்ட இருக்கிற புத்தகத்துல அந்த வரி 131ல வருதே" என்றார். என்னிடம் அந்த நூலின் இரண்டு பதிப்புகள் ஒளிப்படியாக இருந்தன. எதைப் பார்த்து எழுதினேன் என்று அடிக்குறிப்பில் இல்லை. "பார்த்துச் சொல்றேன் மேடம்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தேடினேன்.

பழந்தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து அச்சுக்கு வந்த வரலாறுதான் என் ஆய்வு. பதிப்புக்குப் பதிப்பு என்ன மாறியது என்று கேட்கும் ஆய்வில், எந்தப் பதிப்பு என்று சொல்லாத அடிக்குறிப்பு இருந்தும் பயனில்லை. அப்போது நான் எல்லாரையும் போல ஆவணச் செயலியில் எழுதி, அடிக்குறிப்புகளைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். அதில் இன்னொரு தொல்லை 'மேலது', அதாவது முந்தைய அடிக்குறிப்பில் சொன்ன அதே நூல் என்று சுட்டும் சொல். ஒரு பத்தியை வெட்டி வேறு இடத்தில் ஒட்டினால், அதன் அடியில் இருந்த 'மேலது, ப. 40' புதிய இடத்தில் வேறொரு நூலைச் சுட்டத் தொடங்கிவிடும். படிக்கும்போது தவறு என்றே தெரியாது. அந்த இரண்டு நாள் தேடலில் இப்படி ஒன்பது இடங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகுதான் முறையை மாற்றினேன்.

இன்று வரை நான் வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். நூல் விவரங்கள் எல்லாம் ஜோட்டேரோவில். 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழக வரலாற்று மையத்தில் வரலாற்று ஆய்வாளர்களுக்காக உருவான மென்பொருள் அது, இலவசம், திறமூலம். அதோடு பெட்டர் பிப்டெக் என்ற செருகுநிரல். எழுதுவது அப்சிடியன் என்ற குறிப்பெழுதும் மென்பொருளில், வெறும் மார்க்டவுன் கோப்புகளாக (தலைப்பு, சாய்வெழுத்து போன்றவற்றை எளிய குறிகளால் காட்டும் வெற்று உரை), இயலுக்கு ஒரு கோப்பு. கடைசியில் பேன்டாக் என்ற கோப்பு மாற்றும் நிரல் அந்தக் கோப்புகளை எடுத்து, மேற்கோள்களை நிரப்பி, வேர்ட் ஆவணமாகவோ பிடிஎஃப் ஆகவோ தருகிறது. பேன்டாக்கும் 2006இல் வந்ததுதான். பெர்க்லியில் தத்துவம் கற்பிக்கும் ஜான் மெக்ஃபார்லேன் எழுதியது. நான் தொடங்கியபோது மேற்கோள் வேலைக்குத் தனி நிரல் சேர்க்கத் தேவை இருக்கவில்லை. 2.11ஆம் பதிப்பிலிருந்து அது பேன்டாக்கின் உள்ளேயே இருக்கிறது.

இதில் உயிர்நாடி மேற்கோள் சாவி. ஜோட்டேரோவில் இருக்கும் ஒவ்வொரு நூலுக்கும் பெட்டர் பிப்டெக் ஒரு சாவி தரும்: ஆசிரியர் பெயர், தலைப்பில் ஒரு சொல், ஆண்டு, இப்படி நாம் சொல்லும் வடிவத்தில். எழுதும்போது வாக்கியத்தின் முடிவில் சதுர அடைப்புக்குறி போட்டு, அதற்குள் அட் குறியும் சாவியும், காற்புள்ளியும் பக்க எண்ணும் எழுதினால் வேலை முடிந்தது. எண்ணை மட்டும் எழுதினால் பக்கம் என்றே பேன்டாக் எடுத்துக்கொள்ளும். சாவியிலேயே பதிப்பாண்டு இருப்பதால், நெறியாளர் கேட்ட கேள்விக்கான பதில் எழுதும் நொடியிலேயே என் கண்முன் இருக்கிறது. 1887 பதிப்பா, 1907 பதிப்பா என்று முடிவு செய்யாமல் சாவியைத் தட்ட முடியாது. பத்தியை எங்கே நகர்த்தினாலும் சாவியும் கூடவே போகிறது. 'மேலது' எங்கே வர வேண்டும் என்பதைப் பேன்டாக் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடுகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பழைய முறைக்குத் திரும்ப மாட்டேன்.

சாவிகளை ஆங்கில எழுத்திலேயே வைத்திருக்கிறேன். தமிழ்ப் பெயரைத் தானாக ஒலிபெயர்க்க விட்டால் வாயில் நுழையாத சாவி வரும். அதனால் இப்போது தமிழ் நூல் ஒவ்வொன்றுக்கும் நானே சாவி எழுதிவிடுகிறேன்.

சரி, தமிழ் நூல்களை உள்ளே சேர்ப்பதுதான் உண்மையான உழைப்பு. ஆங்கில நூல் என்றால் ஐஎஸ்பிஎன் எண்ணை ஒட்டினால் விவரம் தானாக நிரம்பும். 19ஆம் நூற்றாண்டுத் தமிழ்ப் பதிப்புக்கு ஏது ஐஎஸ்பிஎன்? இணைய நூலகங்களிலிருந்து எடுத்தாலும் தலைப்பு ரோமன் எழுத்தில் இருக்கும், அல்லது பதிப்பகத்தின் பெயர் ஆசிரியர் கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். என் 640 பதிவுகளில் ஏறத்தாழ 400ஐ முகப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால் நிரப்பினேன். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டால் தாங்கும்.

பெயர்களில் முதலில் தடுமாறினேன். ஜோட்டேரோ குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். உ. வே. சாமிநாதையர் பிரச்சினையில்லை, 'சாமிநாதையர், உ. வே.' என்பது நம் துணைநூற்பட்டியல்களில் பழகிய வடிவம்தான். ஆனால் மயிலை சீனி. வேங்கடசாமியை எங்கே வெட்டுவது? இளங்கோவடிகளுக்கு இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது? பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இரண்டு கட்டமும் ஒன்றாகிவிடும். பிறகு நாம் எழுதியபடியே அச்சாகும், யாரும் வெட்டித் திருப்ப மாட்டார்கள். பிரிக்கக் கூடாத பெயர்களுக்கெல்லாம் இப்போது இதுதான் என் வழக்கம்.

அடுத்து உரையாசிரியர். இங்கே ஜோட்டேரோ நமக்குப் போதாது. நூல் என்ற வகைக்கு ஆசிரியர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், தொடர்ப் பதிப்பாசிரியர், பங்களிப்பாளர் என்ற இடங்கள் இருக்கின்றன; உரையாசிரியருக்கு இடமில்லை. 1887இல் வந்த சீவக சிந்தாமணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் திருத்தக்கதேவர், உரை நச்சினார்க்கினியர், பதிப்பு சாமிநாதையர். மூன்று பேருமே என் ஆய்வுக்கு முக்கியம். பங்களிப்பாளர் என்று போட்டுப் பார்த்தேன், பட்டியலில் அச்சாகவில்லை. கடைசியில் 'நச்சினார்க்கினியர் உரையுடன்' என்று தலைப்புக் கட்டத்திலேயே சேர்த்தேன். முகப்புப் பக்கங்களிலும் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது என்பதால் மனம் ஒப்புகிறது. ஆனால் நச்சினார்க்கினியர் உரை எழுதிய நூல்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும் என்றால் குறிச்சொல்லைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

மறுஅச்சுகளுக்கு முதற்பதிப்பின் ஆண்டும் வேண்டும். நான் தொடங்கியபோது அதற்குத் தனிக் கட்டம் இருக்கவில்லை. 'எக்ஸ்ட்ரா' என்ற கட்டத்தில் ஒரிஜினல் டேட் என்று ஆங்கிலத்தில் எழுதி, முக்காற்புள்ளி இட்டு ஆண்டைப் போட்டால் அதை எடுத்துக்கொள்கிறது.

மேற்கோள் எந்த வடிவில் அச்சாக வேண்டும் என்பதைச் சிஎஸ்எல் பாணிக் கோப்பு முடிவு செய்கிறது. 10,000க்கும் மேற்பட்ட பாணிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. என் துறையில் கேட்ட வடிவம் அவற்றில் இல்லை. நெருங்கிய ஓர் அடிக்குறிப்புப் பாணியை எடுத்து, அதற்குள்ளேயே சொற்களை மாற்றினேன். 'ஐபிட்' இருந்த இடத்தில் 'மேலது', பக்கத்துக்கு 'ப.', பல பக்கங்களுக்கு 'பக்.', 'எட் ஆல்' என்பதற்கு 'மற்றும் பலர்'. பாட்டு எண்ணைச் சுட்டுவதற்கான 'வெர்ஸ்' வகை சிஎஸ்எல்லில் ஏற்கெனவே உண்டு. அதன் சொல்லை 'பா.' என்று மாற்றியதும் புறநானூற்றுப் பாட்டெண்கள் நாம் எழுதும் முறையிலேயே வந்தன. எக்ஸ்எம்எல் கோப்பு என்று பயப்பட வேண்டாம், திறந்து பார்த்தால் எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று புரியும். எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆனது. 'மேலது' முதல்முறை சரியான இடத்தில் தானாக வந்து நின்றதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி பெரிது.

ஒரு குறை இதில் தீரவில்லை. நூலின் மொழியைப் பார்த்துச் சொல்லை மாற்றும் வசதி வழக்கமான சிஎஸ்எல்லில் இல்லை. ஆங்கில நூலுக்கும் 'மற்றும் பலர்' என்றே வரும். நெறியாளரிடம் காட்டிக் கேட்டேன். ஆய்வேடு தமிழில் இருப்பதால் அப்படியே இருக்கட்டும் என்றார். தமிழ் நூல்கள், ஆங்கில நூல்கள் என்று துணைநூற்பட்டியலைப் பிரிப்பதற்கு மட்டும் வழி உண்டு. ஜோட்டேரோவில் இரண்டு தொகுப்பு, இரண்டு ஏற்றுமதிக் கோப்பு, பேன்டாக்கோடு பல பட்டியல் தரும் ஒரு லூவா வடிகட்டி (பேன்டாக்கோடு இணைக்கும் சிறு நிரல்). ஏற்றுமதிக்குப் பிப்டெக் வடிவத்தைவிடச் சிஎஸ்எல் ஜேசன் வடிவத்தையே பரிந்துரைப்பேன். 'தொடர்ந்து புதுப்பி' என்ற தேர்வைப் போட்டுவிட்டால், ஜோட்டேரோவில் ஒரு எழுத்தைத் திருத்தியதும் கோப்பும் தானாக மாறிவிடும்.

இனி நான் பட்ட ஒரு பாடு. இரண்டாம் ஆண்டில் ஒருநாள் உட்கார்ந்து, ஆசிரியர் பெயர்களின் எழுத்துக்கூட்டலை ஒரே சீராக்கினேன். அடுத்த நாள் பிடிஎஃப் எடுத்தால், அடிக்குறிப்புகளில் நூலின் பெயருக்குப் பதில் தடித்த எழுத்தில் சாவியும் ஒரு கேள்விக்குறியும்! 70க்கு மேல் இருந்தன. பெயர் மாறியதும் சாவிகளும் தாமாக மாறியிருந்தன. என் கோப்புகளில் பழைய சாவிகள். சாவி மாறாதபடி நிலைநிறுத்தும் ('பின்' செய்யும்) வசதி பெட்டர் பிப்டெக்கில் இருந்தது, நான் செய்திருக்கவில்லை. கோப்புகளின் பழைய வடிவங்களையும் சேமித்து வைக்கும் 'கிட்' (Git) மென்பொருளில் என் கோப்புகள் இருந்ததால் பழைய சாவிப் பட்டியலை எடுத்து, தேடி மாற்றி, ஒரே நாளில் சரிசெய்ய முடிந்தது. பேன்டாக் பிழையை மறைக்காமல் தடித்த எழுத்தில் காட்டியதற்கு நன்றி சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் நூலைச் சேர்க்கும் நாளிலேயே சாவியை நிலைநிறுத்திவிடுங்கள்.

தமிழ் எழுத்துரு பற்றியும் சொல்ல வேண்டும். வேர்ட் ஆவணமாக எடுக்கும்போது, மாதிரி ஆவணத்தில் எழுத்துருவையும் அளவையும் நாம் அமைத்திருந்தாலும் தமிழ் மட்டும் வேறு எழுத்துருவில், வேறு அளவில் வரும். தமிழுக்கு வேர்ட் எடுத்துக்கொள்வது 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' அமைப்பைத்தான். பாணி ஒவ்வொன்றிலும் அதைத் தனியாக மாற்ற வேண்டும், அடிக்குறிப்புப் பாணி உட்பட. பிடிஎஃப் எடுப்பதற்குப் பேன்டாக் பயன்படுத்தும் அச்சுக்கோப்பு நிரல்களில் ஸீலாடெக் போதும். நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவோடு கொம்பும் காலும் ஒழுங்காக அமைகின்றன.

வாசிப்பு, குறிப்பெடுப்பு வேலையில் பலன் பாதிதான். 2022இல் வந்த ஆறாம் பதிப்பு முதல் ஜோட்டேரோவுக்குள்ளேயே பிடிஎஃப் படித்து வண்ணமிடலாம், அந்தக் குறிப்புகளைப் பக்க எண்ணோடு அப்சிடியனுக்குக் கொண்டுவரலாம். யூனிகோடில் உள்ள கட்டுரைகளுக்கு அருமை. பழைய நூல்களின் ஒளிப்படிகளில் எழுத்தே இல்லை, படம்தான். அங்கே கட்டம் வரைந்து படமாக எடுத்துக்கொள்கிறேன். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டிய ஆய்வேடுகள் இன்னும் சிரமம். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும் சொல், குறிப்புக்கு வரும்போது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் பயன்படுத்த முடியும்.

சேமிப்பு: இலவசமாகக் கிடைப்பது 300 எம்பி. ஒளிப்படி நூல்கள் நான்கைந்திலேயே நிரம்பிவிடும். விவரங்களை மட்டும் ஒத்திசைத்துவிட்டு, பிடிஎஃப்களைத் தனி வன்தட்டில் வைத்திருக்கிறேன். ஜோட்டேரோவின் தரவுக் கோப்புறையை மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் வைக்காதீர்கள், தரவுத்தளம் சிதைய வாய்ப்புண்டு.

நெறியாளர் இன்றும் வேர்டில்தான் படிக்கிறார், திருத்தங்களை அதிலேயே எழுதி அனுப்புகிறார். அவற்றை நான் ஒவ்வொன்றாக மார்க்டவுனில் மறுபடி செய்கிறேன். இயலுக்கு இரண்டு மணி நேரம் போகும். இருபது பக்கக் கட்டுரை ஒன்று மட்டும் எழுதுகிறவர், அதுவும் இன்னொருவரோடு சேர்ந்து ஒரே ஆவணத்தில் எழுதுகிறவர், ஜோட்டேரோவின் வேர்ட் செருகுநிரலோடு நிறுத்திக்கொள்ளலாம். என்னைப் போல ஒரே நூலின் நான்கு பதிப்புகளை அருகருகே வைத்துப் பேச வேண்டியவருக்கு இந்த உழைப்பு தகும்.

போன மாதம் நான்காம் இயல் கொடுத்தேன். நெறியாளரிடமிருந்து அழைப்பு வந்தது. "இந்த 54ஆம் பக்கம்..." என்று தொடங்கினார். நான் கோப்பில் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே, "1894 பதிப்பு மேடம்" என்றேன். அவர் தன் பிரதியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா, இருக்கு" என்றார்.