ஆக்சிஜன் காலியிடத்துக்கு எந்தக் கருவியை நம்பலாம்: எக்ஸ்.பி.எஸ்., பி.எல்., இ.பி.ஆர்.

நொய்யல் சாயநீராக ஓடியதைப் பார்த்த ஊர்களில், ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ தயாரித்து, வெளிச்சத்தில் சாயத்தைச் சிதைக்கும் ஆராய்ச்சிக்கு மாணவர்கள் வருவது இயல்பு. பொடி நன்றாக வேலை செய்தால் ‘ஆக்சிஜன் காலியிடமே (படிகத்தில் ஆக்சிஜன் அணு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பதே) காரணம்’ என்று ஆய்வேட்டில் எழுதிவிடுகிறார்கள். அதை எதை வைத்து எழுதுகிறோம் என்பதுதான் என் கவலை.

பெரும்பாலும் எக்ஸ்.பி.எஸ்.தான்: எக்ஸ் கதிர் பட்டு அணுக்களிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும் முறை. 531 எலக்ட்ரான் வோல்ட் அருகே ஆக்சிஜன் முகட்டின் தோளை (பக்கப் புடைப்பை) காலியிடம் என்று குறிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இல்லாத அணுவிலிருந்து எலக்ட்ரான் எப்படி வரும்? மேற்பரப்பில் ஒட்டிய ஹைட்ராக்சிலும் ஈரமுமே அந்த இடத்தில் முகடு தரும்.

பி.எல்., அதாவது ஒளி பாய்ச்சினால் பொடி திரும்ப உமிழும் ஒளியை அளப்பது, மலிவு, சீக்கிரம் முடியும். ஆனால் ஜிங்க் ஆக்சைடின் பச்சை ஒளிக்குத் துத்தநாகக் காலியிடம், செம்பு மாசு என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன.

இ.பி.ஆர்., 1944-இல் ரஷ்யாவின் காசானில் இயற்பியலாளர் சவோய்ஸ்கி கண்டறிந்த முறை, காந்தப்புலத்தில் நுண்ணலையைச் செலுத்தி, ஜோடியில்லாத எலக்ட்ரானை மட்டுமே பார்க்கும். சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸில், 340 மில்லிடெஸ்லா அருகே சமிக்ஞை வரும். காலியிடத்தில் ஓர் எலக்ட்ரான் சிக்கியிருந்தால் தெரியும். இரண்டு ஜோடி சேர்ந்திருந்தாலும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் தெரியாது. அதனால் கோடு வரவில்லை என்பதால் காலியிடம் இல்லை என்று சொல்ல முடியாது. ஜிங்க் ஆக்சைடில் ஜி மதிப்பு (கோடு எழும் இடத்தைக் குறிக்கும் எண்) 1.96-இல் வரும் கோட்டை முன்பு பலர் ஆக்சிஜன் காலியிடம் என்றார்கள். அது ஆழமற்ற டோனர்களுடையது (எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் மாசு அணுக்கள் போன்றவை) என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்டது. உண்மையான காலியிடக் கோடு 1.995 அருகே, குளிர்ந்த நிலையில், ஒளி பட்டால்தான் பொதுவாக எழும்.

சேலத்து மேக்னசைட்டைச் சுட்டுக் கிடைக்கும் மக்னீசியம் ஆக்சைடை எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. மாங்கனீஸ் சிறிது கலந்திருந்தாலும் ஆறு கோடுகள் வரும். காலியிடத்தின் கோடு 2.002 அருகே அவற்றுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும்.

அணுக்கருக்களின் காந்தத் தன்மையைப் பார்க்கும் என்.எம்.ஆர். நல்ல முறைதான், ஆனால் அதற்குத் தெரியும் ஆக்சிஜன்-17 ஐசோடோப்பு இயற்கையில் 0.04 சதவீதம்கூட இல்லை, செறிவூட்டிய வாயுவின் விலை தாங்காது.

என் தேர்வு: பி.எல்.லில் மாதிரிகளைச் சலித்து, தேறியதை இ.பி.ஆருக்கு அனுப்புங்கள். திரவ நைட்ரஜன் குளிரில் இருட்டில் ஒருமுறை, ஒளியில் ஒருமுறை எடுங்கள். அதே பொடியை ஆக்சிஜனில் சுட்டு மறுபடி அளந்தும் கோடு குறையவில்லையென்றால், அதற்குக் காலியிடம் என்று பெயர் வைக்க வேண்டாம்.