ஐசியூ ஓடும்போதே பக்கத்துச் சுவரை உடைக்க: நெகட்டிவ் ஏர் மெஷினும் தூசித் தடுப்பும், ஒரு மதிப்பீடு

அரசு மருத்துவமனையில் ஐசியூவைப் பூட்டிவிட்டு மராமத்து பார்க்கும் வசதி அநேகமாக யாருக்கும் வாய்ப்பதில்லை. ஒரு பாதியில் நோயாளிகள் வென்டிலேட்டரில் இருப்பார்கள், மறுபாதியில் டைல்ஸ் பெயர்ப்பார்கள். நடுவே நிற்பவை இரண்டு: ஒரு தற்காலிகத் தடுப்பு, வேலை நடக்கும் பக்கத்துக் காற்றை உறிஞ்சி, நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் வழியாக வெளியே தள்ளும் நெகட்டிவ் ஏர் மெஷின். சந்தையில் பரவலாகக் கிடைக்கும் 2000 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 2000 கன அடி காற்று) வகை மெஷினையும், ஸ்பிரிங் கம்பத்தில் பிளாஸ்டிக் ஷீட்டைத் தாங்கும் ஜிப் கதவுத் தடுப்பையும் பற்றியது இந்த மதிப்பீடு. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: மெஷின் நல்ல சரக்கு. கம்பத் தடுப்பு இரண்டு மூன்று நாள் வேலைக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம். தடுப்பின் இரு பக்கக் காற்றழுத்த வித்தியாசத்தைக் காட்டும், இந்த இரண்டோடும் வராத அழுத்தமானியைத்தான் முதலில் வாங்க வேண்டும்.

இவ்வளவு எதற்கு என்று கேட்பவர்களுக்கு: பழைய சீலிங், ஈரம் கோத்த சுவர், ஏசி டக்ட் ஆகியவற்றை உடைக்கும்போது ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்துகள் கிளம்பும். அளவு 2 முதல் 3.5 மைக்ரான். நொடிக்குச் சுமார் 0.03 செ.மீ. வேகத்தில்தான் இறங்கும், அசையாத காற்றில்கூட ஒரு மீட்டர் இறங்க ஒரு மணி நேரம் பிடிக்கும். நம் நுரையீரல் இதைச் சமாளித்துக்கொள்ளும். எலும்பு மஜ்ஜை மாற்றியவருக்கும் கீமோ எடுப்பவருக்கும் இது உயிர்ப் பிரச்சினை.

மெஷினுக்கு வருவோம். உள்ளே மூன்று அடுக்கு: முன்னால் பாலியெஸ்டர் பேட், அடுத்து 2 அங்குல மடிப்பு ஃபில்டர், கடைசியில் 24×24×11.5 அங்குல ஹெப்பா. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் பிடிக்கும் என்பது ஹெப்பாவின் வாக்குறுதி. பெயர்ப்பலகையில் உள்ள 2000 சிஎஃப்எம் மட்டும் புத்தம் புது ஃபில்டரோடு, டக்ட் மாட்டாமல் எடுத்த கணக்கு. டக்ட் மாட்டி, பேட் கொஞ்சம் அடைத்ததும் முக்கால் பங்கு கிடைத்தால் நல்லது. அதுவே பெரும்பாலும் போதும். 20×15 அடி அறை, கூரைத் தளம் வரை உயரம் 12 அடி என்றால் 3,600 கன அடி. மணிக்கு 12 முறை காற்று மாற 720 சிஎஃப்எம் வேண்டும். உயரத்தை ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திக் கணக்குப் போடுவதுதான் வழக்கமான தப்பு. சீலிங்கைப் பிரித்த அன்றே கணக்கு குறைந்துவிடும்.

கட்டுமானத் தூசியில் முன் பேட் ஒரு ஷிஃப்ட்கூடத் தாங்காது. டைல்ஸ் வெட்டும் நாளில் இரண்டு முறை மாற்ற வேண்டிவரும். பேட்டில் சிக்கனம் பார்த்தால் ஹெப்பா அடைக்கும். செலவு அங்கேதான் கொட்டும். ஹெப்பாவின் குறுக்கே அழுத்த வித்தியாசம் தொடக்கத்தில் இருந்ததைப் போல் இரு மடங்கானால் மாற்றிவிடுங்கள். வாடகை மெஷின் வந்து இறங்கியதும் துகள் எண்ணியை வெளியேறும் வாயில் காட்டிப் பார்க்காமல் ஓட்டக் கூடாது. லாரியில் குலுங்கி வந்ததில் ஃபில்டர் ஓரத்தை அடைக்கும் கேஸ்கெட் ஒரு மூலையில் விலகியிருந்தால் 99.97 என்பதற்கு அர்த்தமே இல்லை.

வாங்குமுன் கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி சுவிட்ச் பற்றியது. தொட்டால் இயங்கும் எலெக்ட்ரானிக் பட்டன் உள்ள மாடல்கள் சில, கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏற்ற பிறகும் தானாக ஓடாது. இரவு 2 மணிக்கு மெஷின் நின்றால் காலை மேஸ்திரி வரும்வரை யாருக்கும் தெரியாது. பழைய மாதிரி திருகு சுவிட்ச் இருப்பதையே வாங்குங்கள், பார்க்க அழகில்லை என்றாலும். இணைப்பு ஜெனரேட்டர் ஏற்கும் லைனில், தனி 16 ஆம்ப் சாக்கெட்டில் இருக்கட்டும். வென்டிலேட்டருக்கான யூபிஎஸ் சர்க்யூட்டில் இதைச் சொருகவே கூடாது. வெட்டும் மெஷினோடு ஒரே ஆர்சிசிபியில் (மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டாலும் வம்புதான்: ஈரத்தில் அது ட்ரிப் ஆகும்போது இதுவும் சேர்ந்து நிற்கும்.

காற்று போகும் டக்ட் ஜன்னல் வழியாக வெளியே போக வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, பிளைவுட் அடித்து, 12 அங்குல ஓட்டை போடுவது எளிய வழி. மெல்லிய பிளாஸ்டிக் குழாய் டக்ட் தள்ளும் பக்கத்துக்கு மட்டும். உறிஞ்சும் பக்கத்தில் மாட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும், அங்கே கம்பிச் சுருள் டக்ட் வேண்டும். வெளிவாய்க்கும் ஏசியின் வெளிக்காற்று எடுக்கும் வாய்க்கும் 25 அடி இடைவெளி விடுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வாயைக் கீழ்நோக்கி வளைக்காவிட்டால் சாரல் உள்ளே வந்து ஹெப்பா நனையும். நனைந்த ஹெப்பா குப்பைக்குத்தான்.

கம்பத் தடுப்பின் பெரிய கவர்ச்சி வேகம். இரண்டு பேர் அரை மணியில் நிறுத்திவிடலாம், தரையில் ஆணி இல்லை, ஜிப் கதவும் வந்துவிடுகிறது. பலவீனம் கணக்கில் தெரியும்: 10×15 அடி ஷீட்டின் மேல் வெறும் 10 பாஸ்கல் காற்றழுத்த வித்தியாசம் இருந்தாலும் மொத்த இழுவை ஏறக்குறைய 14 கிலோ. இரண்டு நாளில் கம்பம் நகரும், மேல் விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி விழும். ஜிப் பற்களில் சிமென்ட் தூசி ஏறினால் கதவு பாதியில் நிற்கும். பிறகு யாரும் அதை மூட மாட்டார்கள். பழைய கட்டடங்களில் மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் இன்னும் சங்கடம். தேக்கு உத்தரங்களுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு பள்ளத்தையும் தனித்தனியாக அடைக்க வேண்டும், கம்பத்தின் தலை அழுத்துமிடத்தில் சுண்ணாம்புப் பூச்சு உதிரும், பல இடங்களில் உயரமே எட்டாது.

இரண்டு மூன்று நாளுக்கு மேல் போகும் வேலைக்கு இரும்பு ஸ்டட்டில் இரு பக்கமும் 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டு அடித்து, சீலிங்குக்கு மேலேயும் கூரைத் தளம் வரை கொண்டுபோய், விளிம்பெல்லாம் சீலன்ட் போடுவதே சரி. ஃபால்ஸ் சீலிங்கோடு நிறுத்திய தடுப்பு கூரையில்லாத குடிசை மாதிரி. கேபிள் ட்ரே, ஆக்சிஜன் குழாய் போகும் ஓட்டைகளை மறக்காதீர்கள். எந்தத் தடுப்பானாலும் ஷீட் தீ தடுக்கும் வகையாக, 150 மைக்ரானுக்குக் குறையாமல் இருக்கட்டும். கடையில் கிடைக்கும் சாதாரணத் தார்ப்பாயை ஆக்சிஜன் புழங்கும் இடத்தில் கட்டுவது தண்டனைக்குரிய அசட்டுத்தனம்.

இனி அழுத்தமானி. வேலைப் பகுதி பக்கத்து வார்டைவிடக் குறைந்தது 2.5 பாஸ்கல் கீழே இருக்க வேண்டும். 5 முதல் 7 வரை வைத்துக்கொண்டால், கதவு திறந்து மூடும்போது கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். 0–250 பாஸ்கல் முள்மானியில் இந்த அளவு தெரியவே தெரியாது. 0.1 பாஸ்கல் காட்டும், அலாரம் உள்ள டிஜிட்டல் மானி வாங்கி, திரையை நர்ஸ் ஸ்டேஷன் பக்கம் மாட்டுங்கள். ஒப்பந்தக்காரர் பக்கம் மாட்டினால் அலாரத்தை அணைத்துவிட்டு வேலை நடக்கும். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க ஊதுபத்தி கொளுத்தும் பழக்கம் ஐசியூவில் கூடாது. கதவிடுக்கில் டிஷ்யூ பேப்பர் கீற்றைப் பிடித்தாலே போதும்.

மானி சரியாகக் காட்டாவிட்டால் மெஷினைக் குறை சொல்லுமுன் ஏசி கிரில்களைப் பாருங்கள். வேலைப் பகுதிக்குள் காற்றைத் திரும்ப இழுக்கும் ரிட்டர்ன் கிரில் ஒன்றே ஒன்று மூடாமல் இருந்தாலும் ஏஎச்யூ (அறைகளுக்குக் காற்று அனுப்பும் ஏசி யூனிட்) தூசியை இழுத்து எல்லா அறைக்கும் பங்கிடும். சப்ளை கிரில் திறந்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறும். இரண்டையும் அடைத்த பிறகு மற்ற அறைகளுக்குப் போகும் காற்று மாறும். அதே ஏஎச்யூவில் ஆபரேஷன் தியேட்டர் இருந்தால் அதன் 2.5 பாஸ்கல் நேர் அழுத்தத்தை மறுபடி அளக்காமல் கேஸ் எடுக்க விடக் கூடாது.

இந்தச் சரக்கால் ஆகாதவை: சத்தம், அதிர்வு, ஆக்சிஜன் லைன், தண்ணீர். சுத்தியலுக்குப் பதில் வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் வையுங்கள். ஆக்சிஜன் வால்வை அடைக்குமுன் சிலிண்டர் மாற்று தயாராக இருக்க வேண்டும். மறு இணைப்புக்குப் பின் ஒவ்வொரு அவுட்லெட்டிலும் ஆக்சிஜன் அளக்கும் அனலைசர் வைத்துப் பார்த்தே திறக்க வேண்டும். ஸ்மோக் டிடெக்டருக்குப் போட்ட மூடியைத் தினம் மாலை கழற்றுவதற்கு ஒருவர் பெயரைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள்.

பிரிக்கும்போதுதான் பாதி வேலை கெடுகிறது. மெஷினை முதலில் அணைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள், அடுத்த தளத்தில் தேவை என்று. ஹெப்பா வாக்குவம், ஈரத் துணித் துடைப்பு, பிறகு மணிக்கு 12 காற்று மாற்றத்தில் குறைந்தது 35 நிமிடம் ஓட்டம் (99.9 சதவீதம் வெளியேற அவ்வளவு ஆகும்), அதன் பின்னரே தடுப்பு; மெஷின் கடைசி. வாயைப் பிளாஸ்டிக்கால் ஒட்டி மூடித்தான் வார்டு வழியே உருட்ட வேண்டும்.

எஸ்டிமேட்டில் இதையெல்லாம் ‘தூசித் தடுப்பு, லம்ப்சம்’ என்று ஒரே வரியில் எழுதினால் வந்து சேர்வது தார்ப்பாயும் சணல் கயிறும்தான். தடுப்பு சதுர மீட்டரில், மெஷின் ஓடிய நாள் கணக்கில், முன் பேட் எண்ணிக்கையில், ஹெப்பா தனியாக, அழுத்தமானி தனியாக என்று ஐந்து அயிட்டமாகப் பிரித்து, மானியின் தினப்பதிவு இல்லாத நாளுக்கு மெஷின் வாடகை கிடையாது என்று நிபந்தனை போடுங்கள்.